படித்துறைத் தண்ணீரை அளப்பது, கரையைச் சுத்தமாக வைப்பது: கொங்கு நாட்டு ஆறு குளங்களுக்கு ஒரு செய்முறை

கடற்கரைகளுக்குத் தரப்படும் நீலக்கொடிச் சான்று சென்னை அருகே உள்ள கோவளத்துக்கு 2021-ல் கிடைத்தது. மணலில் குப்பை இல்லை என்பதற்காக மட்டும் கொடுத்ததல்ல அது. குளிக்கும் பருவம் முழுக்க மாதம் ஒரு முறையாவது தண்ணீர் எடுத்துச் சோதிக்க வேண்டும், முடிவைக் கரையிலேயே பலகையில் காட்ட வேண்டும் என்பது அந்தச் சான்றின் முக்கிய நிபந்தனைகளில் ஒன்று. கொங்கு நாட்டில் கடல் கிடையாது. ஆனால் ஆடிப்பெருக்குக்கும் தை அமாவாசைக்கும் பவானி கூடுதுறையிலும் கொடுமுடியிலும் தண்ணீரில் இறங்குகிற கூட்டமும், விடுமுறை நாளில் கொடிவேரியில் குளிக்கிற கூட்டமும் ஒரு கடற்கரைக் கூட்டத்துக்குக் குறைந்ததல்ல. அந்தப் படித்துறைகளுக்கும் நம் ஊர்க் குளங்களுக்கும் அதே ஒழுங்கு வேண்டும். ஊர் மன்றம், பள்ளி, குளம் காக்கும் குழு என்று ஐந்தாறு பேர் சேர்ந்தால் செய்துவிடக்கூடிய வேலைதான்.

தண்ணீர் தெளிவாக இருக்கிறது, அதனால் நல்ல தண்ணீர் என்று சொல்வதை முதலில் விட வேண்டும். சாயத்தண்ணியில் நிறத்தை எடுத்துவிடலாம். உப்பு அப்படியே நிற்கும். கிருமி கண்ணுக்கே தெரியாது. அதேபோல், ஒரு நாள் எடுத்த ஒரே ஒரு அளவை வைத்தும் எதையும் சொல்ல முடியாது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே முறையில், வருடம் முழுக்க எடுத்த அளவுகள்தான் பேசும். கீழே உள்ள எல்லாமே அந்த ஒன்றைச் சரியாகச் செய்வதற்குத்தான்.

ஆற்றுக்கு மேல்பக்கம் உண்டு

கடலில் அலையும் நீரோட்டமும் ஏற்றவற்றமும் தண்ணீரைப் பல பக்கமும் கலக்கிவிடும். அழுக்கு எந்த வாயிலிலிருந்து வந்தது என்று பிடிப்பது சிரமம். ஆறு ஒரே பக்கமாகப் போகிறது. இந்த வசதியை முழுசாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு படித்துறைக்குக் குறைந்தது மூன்று இடம் வேண்டும்: ஊர்ச் சாக்கடை எதுவும் சேர்வதற்கு முந்தைய மேல்பக்கம் ஒன்று, சனம் குளிக்கிற படி ஒன்று, சாக்கடையோ பள்ளமோ (சிற்றோடை) வந்து விழுந்து நன்றாகக் கலந்த பிறகு கீழ்ப்பக்கம் ஒன்று. சாக்கடை விழுகிற வாயிலேயே எடுத்தால் சாக்கடையைத்தான் அளக்கிறீர்கள், ஆற்றை அல்ல. சாக்கடைத் தண்ணீர் வெகுதூரம் ஒரே கரையை ஒட்டியே ஓடும். அதனால் கீழ்ப்பக்கத்தில் இரு கரையிலும் மின்கடத்துத்திறனை (கரைந்த உப்பு ஏற ஏற ஏறும் அளவு இது) அளந்து பார்த்து, இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிற இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மேல்பக்க அளவு இல்லாமல் எழுதும் புகார் நிற்காது. நொய்யலை எடுத்துக்கொள்ளுங்கள்: வெள்ளியங்கிரி அடிவாரத்தில் ஒரு தண்ணீர், பேரூரில் ஒரு தண்ணீர், சூலூரில் ஒரு தண்ணீர், திருப்பூர் தாண்டினால் வேறு தண்ணீர். நடுவில் ஓரிடத்தில் மட்டும் அளந்துவிட்டு இவர்தான் கெடுத்தார் என்றால், மேலிருந்தே அப்படித்தான் வந்தது என்று ஒரு வரியில் பதில் வரும்.

குளத்தில் மூன்று இடம் வேறு மாதிரி: ராஜவாய்க்கால் (குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்) நுழைகிற இடம், நடுக்குளம், மதகு. கரையோரம் அசையாமல் தேங்கி நிற்கிற மூலையை மட்டும் எடுத்தால் குளமே செத்துவிட்டது என்று தோன்றும். அதுவும் தவறு.

தேர்ந்த இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்து, கரையில் அசையாத ஏதாவது ஒன்றை அடையாளமாக எழுதி வையுங்கள்: பாலத்தின் இத்தனாவது தூண், இத்தனாவது படி. ஆள் மாறினாலும் இடம் மாறக் கூடாது.

விடியலில் ஒரு குளம், மதியத்தில் ஒரு குளம்

நேரத்தை அலட்சியம் செய்வதால்தான் பல குழுக்களின் நோட்டு வீணாகிறது. பச்சை பிடித்த குளத்தில் பகலெல்லாம் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவெல்லாம் பாசியும் மீனும் சேர்ந்து அதை இழுக்கும். மதியம் 3 மணிக்கு லிட்டருக்கு 12 மில்லிகிராம் காட்டுகிற அதே குளம் விடியற்காலையில் 1 காட்டலாம். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் தானாகப் பிடித்து வைக்கக்கூடிய ஆக்சிஜன் சுமார் 7.5 மில்லிகிராம்தான். ஆகவே மதியத்தில் 12 என்பது நல்ல செய்தியல்ல, பாசி மிஞ்சிப்போனதற்கு அடையாளம். மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் விடியலில் என்பதற்கும் இதுதான் காரணம். தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவும் பாசியோடு சேர்ந்து ஏறி இறங்கும். மதியம் 9-ஐத் தாண்டினால் உடனே ரசாயனக் கழிவு என்று கூவ வேண்டாம், மறுநாள் காலை ஒரு தரம் அளந்து பாருங்கள்.

வழக்கமான அளவுக்குக் காலை 6 முதல் 7 வரை என்று வைத்துக்கொள்வது நல்லது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மட்டும் விடியலிலும் மதியம் 3 மணிக்கும் இரண்டு தரம் எடுங்கள். அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியதோ, அவ்வளவு உரச்சத்து குளத்தில் சேர்ந்திருக்கிறது.

எத்தனை நாளைக்கு ஒரு தரம்? கையளவுக் கருவிகளால் வாரம் ஒன்று, கிருமிச் சோதனை மாதம் ஒன்று. இதற்கு மேல் இரண்டு சமயங்கள் உண்டு. ஒன்று, நீண்ட வறட்சிக்குப் பிறகு வரும் முதல் மழை. தெருவிலும் சாக்கடையிலும் பல வாரமாகக் கிடந்த அத்தனையும் அந்த ஒரு மழையில் ஆற்றுக்கு வந்துவிடும்; வருடத்திலேயே மோசமான அளவு அன்றைக்குத்தான் வரும். பெருமழை கொட்டிய பின் இரண்டு மூன்று நாள் குளிக்க வேண்டாம் என்று கடற்கரைகளில் எச்சரிப்பதற்கும் இதே காரணம். மற்றொன்று திருவிழா. ஆடி 18-க்கு முந்தின நாள், அன்று நடுப்பகல், மறுநாள், அதற்கடுத்த நாள் என நான்கு தரம் எடுங்கள். தண்ணீர் தேறி எழ எத்தனை நாள் ஆகிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

கையில் வேண்டியவை

மின்கடத்துத்திறன் காட்டும் பேனா, பி.எச். பேனா, வெப்பமானி, கரைந்த ஆக்சிஜனுக்குச் சொட்டு எண்ணும் கிட், அம்மோனியாவுக்கும் நைட்ரேட்டுக்கும் நிறம் ஒப்பிடும் கிட், கலங்கல் பார்க்க ஒரு தட்டு. அம்மோனியா கிட் வண்ணமீன் கடையிலேயே கிடைக்கும்.

கரைந்த உப்பின் அளவைக் காட்டுவதாக விற்கும் டி.டி.எஸ். பேனா பற்றி ஒரு எச்சரிக்கை. அது உப்பை நேராக அளப்பதில்லை. மின்கடத்துத்திறனை அளந்து, உள்ளே இருக்கும் ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. ஒரு பேனாவில் அந்த எண் 0.5, இன்னொன்றில் 0.7. ஒரே தண்ணீரில் ஒன்று 1000 என்றும் மற்றது 1400 என்றும் சொல்லும், இரண்டுமே பழுதல்ல. ஆகவே நோட்டில் எப்போதும் மின்கடத்துத்திறனை மைக்ரோசீமன்ஸ் கணக்கிலேயே எழுதுங்கள். மாதம் ஒரு முறை 1413 மைக்ரோசீமன்ஸ் தரக் கரைசலில் பேனாவைச் சரிபாருங்கள்.

பி.எச். பேனா அதைவிட நொய்மையானது. கூடவே வரும் பொடிப் பொட்டலங்களை, அதன்மேல் எழுதியிருக்கும் அளவு வாலைவடி நீரில் கரைத்து, முதலில் 6.86-லும் பிறகு 9.18-லும் சரிபார்க்க வேண்டும். நம் பக்கத்துத் தண்ணீர் பெரும்பாலும் 7-க்கு மேல் இருப்பதால் 4.01-ஐ விட 9.18 முக்கியம். கண்ணாடி முனையைக் காயவிட்டால் பேனா செத்துவிடும். ஆர்.ஓ. தண்ணீரில் ஊறப்போடுவதும் அதைக் கெடுக்கும். பொட்டாசியம் குளோரைடு கரைசல் நான்கு சொட்டு மூடியில் விட்டு வையுங்கள். தண்ணீரில் விட்டதும் ஒரு நிமிடம் பொறுத்து, எண் ஓடாமல் நின்ற பிறகு எழுதுங்கள்.

கலங்கல் தட்டை வீட்டிலேயே செய்யலாம். 20 சென்டிமீட்டர் அகலமுள்ள வாளி மூடியை நான்காகப் பிரித்து எதிரெதிர் காலில் கறுப்பும் வெள்ளையும் அடித்து, நடுவில் ஓட்டை போட்டு, அடியில் அரைக் கிலோ எடைக்கட்டி, 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட நூல்கயிறில் கட்டுங்கள். பரிசலின் நிழல் பக்கமாக இறக்கி, தட்டு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் கூட்டி இரண்டால் வகுங்கள். ஓடும் ஆற்றில் கயிறு சாய்ந்துவிடும், அதனால் இது குளத்துக்கும் அணைக்கும் மட்டும்தான்.

ஆக்சிஜன் கிட்டில் தவறு நடப்பது பெரும்பாலும் முதல் நிமிடத்தில். பாட்டிலைத் தண்ணீருக்கடியில் சாய்த்துப் பிடித்து, குமிழி கொப்பளிக்காமல் நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே மூட வேண்டும். ஒரு குமிழி உள்ளே நின்றாலும் அளவு கூடிவிடும். முதல் இரண்டு மருந்தையும் விட்டுக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கினால் கசடு இறங்கும். கசடு பழுப்பாக இருந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. பால்வெள்ளையாக இருந்தால் தண்ணீரில் ஆக்சிஜனே இல்லை, அதற்கு மேல் அளக்க ஒன்றுமில்லை. மூன்றாவது மருந்து பெரும்பாலும் கந்தக அமிலம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் பள்ளிப் பிள்ளைகளிடம் அதைக் கொடுக்கவே கூடாது. மிச்சத்தை ஆற்றில் ஊற்றாமல் ஒரு கேனில் சேர்த்து எடுத்துவாருங்கள்.

ஆற்றில் இறங்கும்போது கீழ்ப்பக்கமிருந்து இறங்கி, மேல்பக்கம் பார்த்து நின்று, உங்களுக்கு முன்னால் உள்ள தண்ணீரை எடுங்கள். காலடியில் கிளம்பும் சேறு பின்னால் போய்விடும். இடத்துக்கு இடம் போகும்போது மட்டும் வரிசையை மாற்றுங்கள்: சுத்தமான மேல்பக்கம் முதலில், அழுக்கான இடம் கடைசியில். கருவியில் ஒட்டிய அழுக்கு அடுத்த பாட்டிலுக்குப் போகாது.

கிருமிச் சோதனை

படித்துறைக்கு இதுதான் உயிர். மலம் கலந்திருக்கிறதா என்பதை மலக் கோலிபார்ம் என்ற குடல் கிருமிகளின் எண்ணிக்கையே சொல்லும். கடல் உப்பில் ஈ.கோலை போன்ற இந்தக் குடல் கிருமிகள் சீக்கிரம் செத்துவிடுவதால் அங்கே என்டரோகாக்கை என்ற, உப்பைத் தாங்கும் கிருமியையும் எண்ணுவார்கள். நம் ஆறுகளுக்கு மலக் கோலிபார்ம் எண்ணிக்கை போதும்.

நீராடும் தண்ணீருக்கு நம் நாட்டு வரையறை இது: 100 மில்லிலிட்டரில் மலக் கோலிபார்ம் 500-க்குள் இருப்பது நல்லது, 2500-ஐத் தாண்டவே கூடாது. பி.எச். 6.5 முதல் 8.5 வரை. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. பி.ஓ.டி., அதாவது தண்ணீரில் உள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் இழுக்கும் ஆக்சிஜன், லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்.

கறுப்பாக மாறும் ஹைட்ரஜன் சல்பைடு பாட்டில் கிராமங்களில் நிறையப் புழங்குகிறது. போர்வெல், குடிநீர்த் தொட்டி போன்றவற்றுக்கு அது நல்ல சோதனை. ஆற்றுக்கு அது பயன்படாது; எந்த ஆற்றுத் தண்ணீரை ஊற்றினாலும் பெரும்பாலும் கறுத்துவிடும். இருக்கிறது, இல்லை என்று மட்டுமே அது சொல்லும்; நமக்கு எத்தனை என்பது வேண்டும். அதற்கு ஆய்வகம்தான் வழி. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன, என்.ஏ.பி.எல். என்ற தேசிய ஆய்வகத் தர அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களும் உண்டு.

கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மற்றப் பாட்டில்களை ஆற்றுத் தண்ணீரில் மூன்று தரம் அலசுவோம். இதை அலசக் கூடாது. மூடியின் உட்புறத்தையும் பாட்டில் வாயையும் விரல் தொடக் கூடாது, மூடியைத் தரையில் வைக்கக் கூடாது. அடியைப் பிடித்து, வாய் கீழ்நோக்க ஒரு முழங்கை ஆழம் இறக்கி, அங்கே நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி நிரப்புங்கள். மேலே மிதக்கும் படலத்தில் கிருமி அதிகம், அதை அள்ளினால் கணக்கு ஏறிவிடும். மேலே இரண்டு விரற்கடை காலியாக விடுங்கள், ஆய்வகத்தில் குலுக்குவதற்கு இடம் வேண்டும். உடனே மூடி, ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள். ஐஸ் உருகிய தண்ணீர் பாட்டிலுக்குள் புகாமல் பிளாஸ்டிக் உறையில் கட்டி வைப்பது முக்கியம். 6 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுத்துவிட வேண்டும். பைக்கில் வெயிலில் கொண்டுபோன பாட்டிலின் முடிவு எதற்கும் உதவாது. சூட்டில் கிருமி பெருகவும் செய்யும், சாகவும் செய்யும், எது நடந்தது என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட்டுத் திங்கள்கிழமை கொடுக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆய்வகத்தில் முன்கூட்டியே சொல்லி வேலைநாளில் எடுங்கள்.

மாதிரியைக் கொடுக்கும்போது இது ஆற்றுத் தண்ணீர், படிப்படியாக நீர்க்கச் செய்து சோதியுங்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் குடிநீர்க் கணக்கில் சோதித்து, 1600-க்கு மேல் என்று ஒரு வரி கொடுத்துவிடுவார்கள். 1700-க்கும் 17 லட்சத்துக்கும் அதே வரிதான். காசு கொடுத்து ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை என்றாகும். கூடவே கொதித்து ஆறிய தண்ணீரைக் கிருமி நீக்கிய ஒரு பாட்டிலில் ஊற்றி, எல்லாவற்றோடும் பெட்டியில் கொண்டுபோய், அடையாளம் சொல்லாமல் சேர்த்துக் கொடுங்கள். அதில் கோலிபார்ம் வந்தால் உங்கள் கையிலோ ஆய்வகத்திலோ தவறு இருக்கிறது. அந்த மாத முடிவை ஒதுக்கிவிடுங்கள்.

எண்கள் எதைக் காட்டுகின்றன

சாயக்கழிவுக்கு மின்கடத்துத்திறனே முதல் சாட்சி. பருத்தியில் சாயம் ஏற ஒரு லிட்டர் சாயக் குளியலுக்குப் பல பத்து கிராம் உப்பு போட வேண்டும், அதில் பெரும்பகுதி துணியில் நிற்காமல் தண்ணீரோடு வெளியே வருகிறது. பாசனத்துக்கு 1992-ல் திருப்பூருக்குக் கீழே நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிப்போனதும், கீழ்ப்பக்க விவசாயிகள் நீதிமன்றம் போனதும், கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு வரும் வரை சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் நம் கண்முன் நடந்தவை. அந்த வழக்கின் அடியில் கிடப்பது உப்புதான். பாசனத் தண்ணீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் மேல்வரம்பு 2250 மைக்ரோசீமன்ஸ். வாரா வாரம் 900 காட்டுகிற இடத்தில் ஒரு நாள் காலை 2600 காட்டினால், நிறமே இல்லாவிட்டாலும், இரவில் யாரோ திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். அன்றே மேலே நடந்து, ஒவ்வொரு பள்ளமும் சேரும் இடத்துக்கு மேலும் கீழும் பேனாவை விட்டுப் பாருங்கள். எண் சட்டென்று விழுகிற இடத்துக்கும் அதற்கு முந்தின இடத்துக்கும் நடுவில்தான் கழிவு விழும் வாயில் இருக்கிறது. மழை இல்லாத வேனிலில் ஓட்டம் குறைந்து எண் தானாகவே மெல்ல ஏறும். அதையும் இதையும் குழப்பக் கூடாது. மெல்ல ஏறுவது பருவம், ஒரே நாளில் ஏறுவது மனித வேலை.

வீட்டுச் சாக்கடை வேறு கோலம் காட்டும். உப்பு கொஞ்சம்தான் ஏறும், ஆனால் அம்மோனியா ஏறும், ஆக்சிஜன் விழும். அம்மோனியா அதிகம், நைட்ரேட் குறைவு என்றால் சாக்கடை பக்கத்தில்தான் சேர்ந்திருக்கிறது. ஆக்சிஜன் உள்ள ஓட்டத்தில் போகப் போக அம்மோனியா நைட்ரேட்டாக மாறும், ஆகவே தலைகீழாக இருந்தால் அது தூரத்திலிருந்து வந்தது, அல்லது வயலில் போட்ட யூரியா.

நுரை: வெள்ளை நுரை எல்லாமே சாயம் அல்ல. சோப்பும் சலவைத் தூளும் கலந்த சாக்கடை, தடுப்பணையில் விழும்போது மலைமலையாக நுரைக்கும். ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து 15 விநாடி குலுக்கி வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்தும் நுரை நின்றால் சலவைப் பொருள் இருக்கக்கூடும். இது முதல் சந்தேகத்துக்குத்தான், ஆய்வகத்துக்கு மாற்றல்ல.

குளம் பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் ஆனால் ஒரு குச்சியை விட்டுத் தூக்குங்கள். நூல் நூலாகத் தொங்கினால் சாதாரணப் பாசி. குச்சியில் பெயின்ட் மாதிரி பூசிக்கொண்டால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் சில வகை நஞ்சு விடும், ஆடுமாடு குடித்தால் செத்துப்போகும். அந்தத் தண்ணீரில் ஆளும் இறங்க வேண்டாம், மாட்டையும் இறக்க வேண்டாம். அன்றைக்கே மேய்ச்சல்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

கரையைச் சுத்தம் செய்வது

ஆளுக்கு ஒரு பை கொடுத்து, படம் எடுத்து, மூட்டையைக் கரையிலேயே விட்டுப்போகிற சுத்தம் இரண்டு நாளைக்குத்தான். மூட்டை எங்கே போகும், எந்த வண்டி, யார் வாங்கிக்கொள்வார்கள் என்பதை மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ முதலில் பேசி முடித்துவிட்டு நாள் குறியுங்கள்.

100 மீட்டர் நீளம் கயிறு பிடித்து அளந்து, மாதா மாதம் அதே 100 மீட்டரை எடுங்கள். தடித்த ரப்பர் கையுறை, கம்பூட், நீளமான இடுக்கி, சாக்கு, தொங்கு தராசு வேண்டும். ஊசியும் உடைந்த கண்ணாடியும் சாக்கைக் குத்திக் கிழிக்கும், அதற்குத் தனியாகத் தடித்த பிளாஸ்டிக் கேன். காலில் கையில் புண் இருப்பவர் தண்ணீரில் இறங்கக் கூடாது. எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வருகிறது. இறங்கிய யாருக்காவது அடுத்த மூன்று நான்கு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வேறு காய்ச்சலுக்கு வைத்தியம் நடக்கும். அணைக்குக் கீழே உள்ள இடங்களில் அன்று தண்ணீர் திறப்பு உண்டா என்று நீர்வளத்துறையில் கேட்காமல் யாரையும் இறக்காதீர்கள். மணல் அள்ளிய குழி மேலே தெரியாது.

எடுத்ததை வகை பிரித்து எடை போடுங்கள்: துணி, பிளாஸ்டிக் பை, பாட்டில், மதுப் பாட்டில், சாமி படமும் சட்டமும், கோழிக் கழிவு, நாப்கின், கட்டட இடிபாடு. நனைந்த துணி காய்ந்ததைவிடப் பல மடங்கு கனக்கும், ஆகவே ஈரமா காய்ந்ததா என்று பக்கத்தில் எழுதுங்கள். எடையைவிட வகைதான் முக்கியம், ஏனென்றால் வழி வகையைப் பொறுத்தது. மெல்லிய கைப்பை, பிளாஸ்டிக் டம்ளர் நிறைய வந்தால் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்கள் பக்கத்துக் கடையில் இன்னும் விற்கின்றன என்று பொருள். அது உள்ளாட்சியின் வேலை. கோழி இறகும் குடலும் மூட்டையாக வந்தால் அது ஒன்றிரண்டு கடைகளின் வேலையாகத்தான் இருக்கும். நேரில் போய்ப் பேசுவதே பலமுறை போதும். அந்த மூட்டை ஒன்று அழுகினால் அக்கம்பக்கத் தண்ணீரின் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும்.

கூடுதுறை, கொடுமுடி போன்ற பரிகாரத் துறைகளில் துணிதான் பெரும் பாரம். திதி கொடுத்து முழுகி எழுந்தவர் ஈரத்துணியை அங்கேயே விட்டுவிடுகிறார். அதைத் தடை என்று பலகை வைத்துத் தடுக்க முடியாது. அவர்களுக்கு அது சடங்கின் பகுதி. விட வேண்டிய இடத்தை மாற்றிக் கொடுக்கலாம். படியில் ஏறி வருகிற கையெட்டும் தூரத்தில், முதல் ஐந்தாறு படிக்குள், ஆளுயரக் கம்பிக் கூண்டு வையுங்கள். நுழைவாயிலில் வைக்கும் தொட்டியை யாரும் தேடிப் போவதில்லை. புரோகிதர்களிடமும் பூக்கடைக்காரர்களிடமும் பேசி, துணியைக் கூண்டில் இடுங்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். பலகையைவிட அந்தச் சொல்லுக்கு மதிப்பு அதிகம். அமாவாசையன்று மூன்று தரமாவது காலி செய்ய வேண்டும். நிரம்பி வழிகிற கூண்டைப் பார்த்தால் அடுத்தவர் ஆற்றிலேயே விட்டுவிடுவார்.

கரையில் எதையும் கொளுத்தாதீர்கள். பிளாஸ்டிக் புகை கெடுதல், சாம்பல் அடுத்த மழையில் ஆற்றுக்கே போகும்.

குப்பை பெரும்பாலும் பள்ளங்கள் வழியாகத்தான் வருகிறது. ஆற்றில் பொறுக்குவதைவிடப் பள்ளத்தின் வாயில் பிடிப்பது எளிது. இரு கரையிலும் கல்கால் நட்டு, மூங்கில் கழிகளை வரிசையாகக் கயிறில் கோத்து மிதக்கவிட்டு, அதிலிருந்து 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வலை தொங்கவிடுங்கள். ஓட்டத்துக்குக் குறுக்கே நேராகக் கட்டினால் நடுவில் குப்பை அமுங்கி அறுந்துவிடும். சாய்வாக, கரையோடு ஏறக்குறைய 30 டிகிரி கோணத்தில் கட்டினால் குப்பை தானாக வழுக்கி ஒரு கரைக்கு வரும்; அங்கே ஒருவர் நின்று முறத்தால் அள்ளலாம். ஒரு முனையை இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். வெள்ளம் வருகிற ஐப்பசி, கார்த்திகையில் அவிழ்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குப்பை அணையாகி ஊருக்குள் தண்ணீர் ஏறும். ஆமையும் தண்ணீர்ப்பாம்பும் வலையில் மாட்டுகின்றனவா என்று தினம் காலை பாருங்கள். இதற்கு நீர்வளத்துறையின் அனுமதி கட்டாயம்.

ஆகாயத்தாமரை

உரச்சத்து நிறைந்த நீரில் இரண்டு வாரத்தில் இரட்டிக்கிற செடி இது. கோவைக் குளங்களில் ஜே.சி.பி. வைத்து எடுத்த இடம் சில மாதத்தில் மறுபடி பச்சையாவது, வாய்க்கால் வழியாகச் சாக்கடை வருவது நிற்காததால்தான். எடுப்பதென்றால் பூப்பதற்கு முன் எடுங்கள். விதை சேற்றில் பல வருடம் உயிரோடு கிடக்கும். காற்று ஒதுக்கும் கரையிலிருந்து தொடங்கி, நீண்ட கயிற்றால் வளைத்து இழுத்துக் கரையேற்றுங்கள். குளத்தின் உள்சரிவில் குவித்தால் சாறும் விதையும் திரும்ப உள்ளேதான் போகும், கரைக்கு வெளிப்பக்கம் குவியுங்கள். எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் ஒரு வாரம் காய்ந்தால் சுருங்கிவிடும். சாணம் கலந்து மட்கவிடலாம். ஆலைக் கழிவு சேரும் குளத்துச் செடியில் உலோகங்கள் ஏறியிருக்கும், அந்த மட்கைக் கீரைப் பாத்திக்கும் அந்தச் செடியை மாட்டுத் தீவனத்துக்கும் போடாதீர்கள். சம்பும் கோரையும் கலந்து நிற்கிற ஓரத்தைத் தொட வேண்டாம். நாமக்கோழியும் தாழைக்கோழியும் கூடுகட்டும் இடம் அது.

நோட்டும் புகாரும்

ஒரு வரிக்கு: தேதி, மணி, இடம், கடைசி மழை எப்போது, நீர்மட்டம், நிறம், வாடை, அன்று எடுத்த அளவுகள், எடுத்தவர் கையெழுத்து. பென்சிலால் எழுதுங்கள், நனைந்தாலும் எழுத்து கரையாது. சந்தேகமான எண்ணை அடிக்காமல், பக்கத்தில் காரணம் எழுதுங்கள்.

குழுவின் அளவு நீதிமன்றத்தில் நேரடிச் சாட்சி ஆகாது. 1974-ஆம் வருட நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி முறையாக எடுத்த மாதிரிக்குத்தான் அந்த மதிப்பு. உங்கள் நோட்டின் வேலை, எந்த இடத்தில் எந்த மணிக்கு வந்து எடுக்க வேண்டும் என்று அவருக்குக் காட்டுவது. செவ்வாய், வெள்ளி விடியற்காலையில் எண் ஏறுகிறது என்று எட்டு வார அளவோடு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதினால், திங்கள்கிழமை மதியம் வந்து எடுத்துவிட்டு எல்லாம் சரி என்று போக முடியாது. கடிதத்தில் மேல்பக்க எண், கீழ்ப்பக்க எண், கருவி சரிபார்த்த தேதி, வரைபடம் இருக்கட்டும். கம்பெனி பெயர் வேண்டாம், வாயிலின் இடம் போதும். நகலைத் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அந்தக் கடிதத்தின் மேல் என்ன நடவடிக்கை, மாதிரி எடுத்தீர்களா, முடிவு என்ன என்று 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதே விண்ணப்பத்தில், காவிரியிலும் பவானியிலும் வாரியம் எடுக்கும் அளவுகளில் உங்கள் படித்துறைக்கு அருகில் உள்ள நிலையத்தின் ஒரு வருடக் கணக்கையும் கேட்டு வாங்கி, உங்கள் நோட்டோடு ஒட்டிப் பாருங்கள்.

மாத முடிவைப் படித்துறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மூன்று வரி போதும்: தேதி, 100 மில்லிலிட்டரில் மலக் கோலிபார்ம் எத்தனை, இன்று குளிக்கலாமா வேண்டாமா. குறைந்திருந்தாலும் எழுதுங்கள், கூடியிருந்தாலும் எழுதுங்கள். சோதிக்காத மாதம் சோதிக்கவில்லை என்றே எழுதுங்கள்.